எறங்கிப் போன 'இ'

தைப்பூசத்துக்கு 8 நாள் இருக்கும்போது என் கடையிலிருந்து போன பேனர் ஒன்று திரும்பி வந்தது. 20 அடி நீளம், 4 அடி அகலம். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, ஓரத்தில் வேல், நடுவில் 'பால்குடம் ஏந்திவரும் பக்தர்களை வரவேற்கிறோம்'. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் பந்தல் போடும் ஒரு குழுவுக்காக அடித்தது. குழுவில் ஒரு பெரியவர் உண்டு, தமிழ் ஆழமாகப் படித்தவர். அவர்தான் சுருட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, பால்குடம் இல்ல, பாற்குடம். ல் போயி ற் வரணும். பாற்கடல்னு எழுதுறோமில்ல?" என்றார். "ஐயா, நான் பொறந்ததிலேருந்து இந்த ஊர்ல சனங்க பால்குடம்னுதான சொல்றாங்க" என்றேன். "சனங்க சொல்றதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா அப்புறம் இலக்கணம் எதுக்கு?" என்றார். தைப்பூச நேரத்தில் பந்தல்காரர்களோடு வாதம் செய்துவிட்டுப் பினாங்கில் கடை நடத்த முடியாது. என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். பழைய பேனர் இப்போது கடைக்குப் பின்புறம் என் மோட்டார் சைக்கிளுக்குக் கூரை. மழை பெய்தால் சரியாகக் 'குடம்' இருக்கிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது.

25 வருடத்துக்கு மேலாகப் பெயர்ப்பலகை செய்கிறேன். முன்பெல்லாம் அக்ரிலிக் எழுத்தை ஒவ்வொன்றாக அறுத்து ஒட்டுவோம். எழுத்துக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்கு. அந்தக் கணக்கில் ஒற்று என்பது காசு. பலகையில் மலாய்தான் பெரிதாக இருக்க வேண்டும், பிறகு ஆங்கிலம், பிறகு படம், மிச்சமிருக்கிற முழம் இடத்தில்தான் தமிழ். அதில் 'தமிழ்ப்பள்ளி' என்று எழுத வந்தால் அந்த 'ப்' இடிக்கும். "அத எடுத்துட்டா எவ்வளவு கொறையும்?" என்று கேட்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பூக்கடைக்காரர்கள் மட்டும் இதுவரை 'க்'கை எடுக்கச் சொன்னதில்லை. 'பூகடை' என்று சொல்லிப் பாருங்கள், பூவே வாடிப்போகும். தமிழ்ப்பள்ளியில் வேண்டாத விருந்தாளி பூக்கடையில் மட்டும் எப்படி வீட்டு ஆளானது என்று அப்போது நான் யோசித்ததில்லை. ஐந்தாம் படிவத்தில் எனக்கு மதிப்பெண் போனதே புணர்ச்சி விதிகளில்தான். தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் சொல்வார்கள். மூன்றாவது மட்டும் எனக்கு அனுபவத்தில் புரிந்தது.

ஆக எனக்கு ரொம்ப நாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒரு சொல் ஒரு சொல்லாக இருந்தால் போதும். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அது தன் முகத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. பேனர் திரும்பி வந்த அன்று இந்த அபிப்பிராயம் கோபமாகவே மாறியிருந்தது. அந்தக் கோபத்தோடுதான் பாயான் பாருவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன்.

மாறாத மரம்

அதற்கு முன் எஸ்பெராந்தோவைப் பற்றிக் கொஞ்சம். 20 வயதில் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது அட்டை போன ஒரு எஸ்பெராந்தோ பாடநூல் 3 வெள்ளிக்குக் கிடைத்தது. வார்சாவில் 1887இல் ஸாமென்ஹோஃப் என்கிற கண் மருத்துவர், எல்லாச் சனத்துக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று தானே செய்து வெளியிட்ட மொழி. பியாலிஸ்தோக் என்ற ஊரில் ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நாலு சனமும் நாலு மொழியுமாக முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர். எங்கள் ஊரில் பல சனமும் பல மொழியுமாகக் கலந்திருக்கிற லெபோ சூலியா தெருவில் ஒரு நாள் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு அவர் ஆசை புரியும், நாம் அவ்வளவாக முறைத்துக்கொள்வதில்லை என்றாலும். மொத்தம் 16 விதி. சொன்னபடி எழுது, எழுதினபடி சொல். எல்லாச் சொல்லுக்கும் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம். பெயர்ச்சொல் என்றால் 'ஓ'வில் முடியும். பன்மைக்கு 'ய்' சேர், செயப்படுபொருளுக்கு 'ன்' சேர். முடிந்தது.

மரம் என்பதற்கு அர்போ. மரங்கள், அர்போய். மரத்தை, அர்போன். மரங்களை, அர்போய்ன். நாலிலும் 'அர்போ' அசையாமல் நிற்கிறது, ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கொக்கி மாட்டுகிறார்கள். நம்முடையதைப் பாருங்கள்: மரம், மரங்கள், மரத்தை, மரவேர். மரம் முழு மரமாக நிற்பது முதல் இடத்தில் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் 'மரங்', 'மரத்த்', 'மர' என்று ஆளுக்கொரு பக்கம் வெட்டியிருக்கிறார்கள். வீடு வீட்டை ஆகும், ஆறு ஆற்றில் ஆகும், சாப்பாட்டுக்கடையில் சாப்பாடு எங்கே என்று தேட வேண்டும். அந்தப் பாடநூலை நான் 30 பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை. பேச ஆள் இல்லை. ஆனால் மொழி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மருமகளின் பாஷை

அக்கா மகளுக்கு 16 வயது, நாலாம் படிவம். ஒரு வருடமாக ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறாள். பேர் இன்னும் வைக்கவில்லை. விதை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும். 2015இல் பாகுபலி வந்தபோது அவளுக்கு 6 வயது. மதன் கார்க்கி காலகேயர்களுக்காக 750 சொல்லும் 40 இலக்கண விதியுமாகச் செய்த கிலிக்கியைக் கேட்டுவிட்டு, நாக்கைச் சொடுக்கிக்கொண்டே வீடெல்லாம் ஓடினாள். அதில் 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. திருப்பிப் போட்டால் எதிராளி. அது அவளுக்கு அப்படிப் பிடித்துப்போனது. நானும் அக்காவும் சின்ன வயதில் 'கநான் கவகரேன்' என்று க-பாஷை பேசிப் பெரியவர்களை ஏமாற்றியவர்கள்தான். மலாய்ப் பிள்ளைகள் அசைக்கு அசை எஃப் சேர்த்துப் பேசுவார்கள். ஆனால் எங்களுடையது இருக்கிற மொழிக்கு முகமூடி, அவ்வளவே. இவள் மண் குழைத்து முகத்தையே செய்கிறாள்.

ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறாள். முதல் பக்கம் ஒலிகள். அ, இ, உ, எ, ஒ என்று 5 உயிர், எல்லாம் குறில். மெய்யில் வல்லினம் க, த, ப மூன்றுதான். ச கிடையாது, ர கிடையாது. "ழ எங்கம்மா?" என்று ஒரு தமிழனுக்குரிய கவலையோடு கேட்டேன். "நீங்களே பளம்னுதான மாமா சொல்றீங்க" என்றாள். சொல் உயிரில் முடியலாம், அல்லது ன், ல், க் மூன்றில் ஒன்றில் முடியலாம், வேறெதிலும் முடியக் கூடாது. வெளியூர்ச் சொல் எது வந்தாலும் இந்தச் சல்லடையில் விழுந்துதான் உள்ளே வர வேண்டும். சாம்பார் 'தம்பல்' ஆகிவிட்டது, ரொட்டி 'லொத்தி'. நான் சிரித்தேன். அவள் விடவில்லை. "நாம இருக்கிற ஊருக்கு மலாய்ல என்ன பேரு? பினாங், கடைசியில ங். தமிழ்ல ங்-ல ஒரு சொல்லும் முடியாதில்ல, அதான் கு போட்டுப் பினாங்கு ஆக்கிட்டாங்க. கிளாங் கிள்ளான் ஆச்சு. பாத்து மலைய பத்துமலை ஆக்கிட்டாங்க, அங்க என்ன பத்து மலையா இருக்கு? சுங்கை பெத்தானின்னா விவசாயி ஆறு. அத பட்டாணி ஆக்கிட்டாங்க. தம்பலுக்கு மட்டும் ஏன் மாமா சிரிக்கிறீங்க?" சுங்கை பட்டாணிக்கு நான் எத்தனை பலகை செய்திருப்பேன். அந்தப் பட்டாணிக்கும் நாம் கொறிக்கிற பட்டாணிக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

அன்று அவளிடம் பாற்குடக் கதையைச் சொல்லி, "உன் பாஷையிலயாச்சும் இந்த வேலை வேணாம், சொல்ல சொல்லா விடு" என்றேன். "விட்டுத்தான் இருக்கேன்" என்று ஒரு பக்கத்தைக் காட்டினாள். 'அன்' என்று ஒரு முன்னொட்டு, ஒரு பொருளை வைக்கிற இடத்தைக் குறிப்பது. 'பெலு' என்றால் தண்ணீர், 'அன்பெலு' தொட்டி. 'கெமு' என்றால் புத்தகம், 'அன்கெமு' பை. சுத்தமாக இருந்தது, ஸாமென்ஹோஃபே கையெழுத்துப் போட்டிருப்பார். "எங்க, பேசிக் காட்டு" என்று கைப்பேசியில் பதிவு செய்தேன். தொட்டியில் தண்ணீர் இல்லை, பையில் புத்தகம் இருக்கிறது என்று 10 வாக்கியம், வேகமாகச் சொன்னாள். திரும்பப் போட்டுக் கேட்டோம். 'அம்பெலு' என்றது கைப்பேசி. 'அங்கெமு' என்றது. "நான் ன்-னுதான் சொன்னேன்!" என்றாள். மறுபடி போட்டோம். மறுபடியும் அம்பெலு. தன் மொழியில் தானே பிழை செய்து அகப்பட்ட முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள், "ஐயோ, கே பி எஸ் டி" என்றாள். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மலாய்ப் பாடத்தில் அந்த 'மெ' முன்னொட்டு வந்து ஒட்டும்போது பாச்சா 'மெம்பாச்சா' ஆகும், டெஙார் 'மெண்டெஙார்' ஆகும், க, ப, ஸ, த நாலும் மட்டும் தன் இடத்தை மூக்கொலிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடும்: புகுல் 'மெமுகுல்', துலிஸ் 'மெனுலிஸ்', சாபு 'மெஞாபு', கிரிம் 'மெஙிரிம்'. (ஙா, ஙி, ஙீ என்று பள்ளியில் வரிசையாக எழுதவைத்தார்களே, அந்த 'ஙி'க்கு வாழ்க்கையில் ஒரு வேலை இங்கேதான் கிடைக்கிறது.) உதட்டில் பிறக்கிற எழுத்துக்கு முன்னால் உதட்டு மூக்கொலி, அடித்தொண்டையில் பிறக்கிறதற்கு முன்னால் அங்கே பிறக்கிற மூக்கொலி. மரமும் கள்ளும் சேர்ந்து மரங்கள் ஆவதும், ஐந்தும் பத்தும் சேர்ந்து ஐம்பது ஆவதும் இதே கணக்கு. இதை அவள் பாட்டாகப் படித்துத் தேர்வெழுதியவள். தன் வாய்க்குள்ளேயும் அது நடந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து என் அட்டை போன புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எஸ்பெராந்தோவில் வங்கிக்கு 'பான்கோ' என்று 'ன்' போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பேசுகிறவர்கள் சொல்வது 'பாங்க்கோ'. உதாரணம் என்பதற்கு 'எக்ஸெம்ப்லோ', அதில் வல்லின 'க்' எழுத்தில் இருக்கிறது, அடுத்து வருகிற அதிர்வொலியைப் பார்த்து மெலிந்த 'க்' ஆகப் பலர் வாயில் வருகிறது. இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பதால் இதை நான் உங்களுக்கு எழுதிக்காட்ட வழியில்லை, 'பக்கம்' என்பதில் வருகிற க் 'பங்கு' என்பதில் வருகிற க் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதினபடி சொல் என்று விதி போட்ட மொழிக்கே இந்தக் கதி. அப்போதும் நான் மசியவில்லை. இது வாய்ச் சோம்பல், விதி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிழித்துத் தைத்த சட்டை

அடுத்த வாரம் அவள் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆக்ஸ்ஃபோர்டில் மொழிநூல் பேராசிரியர். கதைக்காக மொழி செய்தவர் இல்லை, செய்த மொழிக்கு ஒரு வீடு வேண்டுமென்று கதை எழுதியவர். சின்ன வயதில் நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் ஊர்ப் பெயர்களைப் பார்த்து மயங்கினாராம். அந்த மயக்கம் பிறகு சிந்தரின் என்கிற மொழியானது. அதில் குன்றுக்கு 'அமோன்'. குன்றுகள் 'எமின்' (அந்த இகரத்தை உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும்). மனிதன் 'அதான்', மனிதர்கள் 'எதைன்'. பின்னால் எதுவும் சேரவில்லை, வயிற்றுக்குள்ளேயே உயிர் மாறிவிடுகிறது. காரணமும் வைத்திருக்கிறார். அந்த மொழிக்கு ஒரு பழைய வடிவம் இருந்ததாக வைத்துக்கொண்டு முதலில் அதைச் செய்தார். அதில் பன்மைக்குக் கடைசியில் ஓர் 'ஈ' இருந்தது. அந்த 'ஈ' வரப்போகிறது என்று தெரிந்து முன்னால் இருந்த உயிரெல்லாம் அதன் பக்கம் சாய்ந்துகொண்டன. பிறகு காலம் போய் 'ஈ' உதிர்ந்துவிட்டது. சாய்ந்தவை சாய்ந்தபடியே நின்றுவிட்டன. ஆங்கிலத்தில் ஒரு கால் 'ஃபுட்', இரண்டு கால் 'ஃபீட்' ஆனதும் இதே வழியில்தான்.

நாவி மொழியும் காட்டினாள், 2009இல் வந்த அவதாருக்காகப் பால் ஃப்ரோமர் செய்தது. ஆள் 'தூதே'. பன்மைக்கு 'அய்' முன்னால் வந்தால் வல்லெழுத்து இளகும், த ஸ ஆகும், ப ஃப ஆகும், க ஹ ஆகும். ஆக 'அய்ஸூதே'. அதோடு நிற்கவில்லை. எழுத்து இளகியதே பன்மையைச் சொல்லிவிடுகிறதே, இனி 'அய்' எதற்கு என்று அதை விட்டுவிடலாம். 'ஸூதே' என்றாலே ஆட்கள். வந்தவன் போய்விட்டான், அவன் உட்கார்ந்த இடத்தில் பள்ளம் மட்டும் இருக்கிறது.

"நல்ல சட்டைய எடுத்துக் கிழிச்சு, கிழிஞ்ச எடத்துல தச்சு, பழைய சட்டை மாதிரி இருக்குன்னு போட்டுக்கிற கதை" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. இயல்பான மொழி கந்தலாக இருக்கிறது என்றால் அது அதன் தலையெழுத்து. உட்கார்ந்து யோசித்துச் செய்கிறவர் எதற்காகத் தெரிந்தே கந்தலாக்க வேண்டும்? அவள் பதில் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். 16 வயதுப் பிள்ளைகள் பதில் சொல்லாமல் போனால் நாம் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம், என்ன தவறு என்றுதான் தெரியாது.

எல போட்டாச்சு

தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அம்மா அக்காவோடுதான் இருக்கிறார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்று, பால் மரம் சீவப் போனவர். சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "எல போட்டாச்சு, எல்லாரும் வந்து ஒக்காருங்க."

மருமகள் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். "மாமா, பாட்டி இலைன்னு சொல்லல."

"யாரும்தான் சொல்றதில்ல. எலைன்னுதான் சொல்லுவோம்."

"இல்ல மாமா, ஏன்னு பாருங்க. பின்னாடி ஐ வருதில்ல? அது வாய் தொறக்கிற எழுத்து. அது வரப்போகுதுன்னு முன்னாடி இருக்கிற இ எறங்கிடுது." சொல்லி முடிக்கும்போதே கண் விரிந்தது. "எறங்கிடுது! இறங்கிடுது இல்ல, எறங்கிடுது! இதுலயே எறங்கிருச்சு மாமா!"

பிறகு நடந்தது ஒரு விசாரணை. இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, இவள் பாட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டாள், இது என்ன, அது என்ன, கடையில் கேட்பது என்ன. வெல. பொக. ஒலக்க. மொகம். நெறம். செவப்பு. ஒடம்பு. இ எல்லாம் எ, உ எல்லாம் ஒ. அடுத்து வேறு வகையாகக் கேட்டாள். ரசத்துக்கு என்ன கரைப்பீங்க? புளி. பொளி இல்லை. கூண்டில் என்ன? கிளி. கெளி இல்லை. மழையில் என்ன விழும்? இடி. காட்டில்? புலி. குருவி, துணி, விசிறி எதுவும் இறங்கவில்லை. பின்னால் அகரமோ ஐகாரமோ இருந்தால் இறங்குகிறது, இகரமோ உகரமோ இருந்தால் ஏறி நின்ற இடத்தில் நிற்கிறது. ஒரு தேர்வும் எழுதாமல், விதி என்று ஒன்று இருப்பதே தெரியாமல், 78 வயது வரைக்கும் அம்மா ஒரு சொல்லிலும் தவறவில்லை.

இதற்குள் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னடி என் வாயையே பாக்குற? தப்பா சொல்றேனா?" என்றவர், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி, "இ...லை" என்று சொல்லிப் பார்த்தார். "நாங்க தோட்டத்து ஆளுங்க, அப்படித்தான் வரும்" என்று எங்களைப் பார்க்காமல் சாம்பார் வாளியைக் கிளறினார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டாம் வகுப்பில் 'எலை' என்று எழுதி ஸ்கேலால் வாங்கிய அடி எனக்கு நினைவிருக்கிறது. அந்த அடி என்னோடு நிற்கவில்லை போலிருக்கிறது. மருமகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பே இல்ல பாட்டி. அவ்வளவு வரிசையா வருது. நான் ஒரு வருசமா இப்படி ஒண்ணு செய்யத்தான் முட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாப்புடுங்க, ஆறுது" என்றார்.

கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. "அம்மா, தைப்பூசத்துக்கு என்ன எடுப்போம்?" என்று கேட்டேன். "என்னடா கேள்வி, பால்கொடம்" என்றார்.

பால்கொடம். நான் அடித்த 20 அடி பேனரில் அது இல்லை. பெரியவர் திருத்திய பேனரிலும் இல்லை. சனங்கள் சொல்வதை எழுதினேன் என்று அவரிடம் மார் தட்டினேனே, அது பொய். நான் எழுதியதும் எழுத்து, அவர் கேட்டதும் எழுத்து. அவருடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் பழைய எழுத்து, அவ்வளவுதான் வித்தியாசம். கடற்கரையிலும் பாற்கடலிலும் அந்த ற் இறுகி உட்கார்ந்துவிட்டதால் நாமும் அப்படியே சொல்கிறோம். பால்குடத்தில் மட்டும் பாலும் குடமும் கண்முன்னே தனித்தனியாக இருக்கின்றன, ஒன்றை அடுப்பிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஊற்றுகிறோம், அதனால் வாய் இரண்டையும் தனியாகவே வைத்துக்கொள்கிறது. ஆனால் குடத்துக்குள் உகரம் ஒகரமாக இறங்கியதை ஒரு பலகைக்காரனும் கவனிக்கவில்லை, ஓர் இலக்கணப் பெரியவரும் கவனிக்கவில்லை. அது யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை மருமகள்தான் அன்று ராத்திரி குரல்பதிவாக அனுப்பியிருந்தாள். பாட்டி சொல்வது 'எலை'கூட இல்லையாம், 'எல'. கடைசியில் இருந்த ஐகாரம் தேய்ந்து அகரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "எறக்கி விட்ட ஐ இப்ப அங்க இல்ல மாமா. எறங்குன எ மட்டும் நிக்குது. எமின் மாதிரி." கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கிழித்துத் தைத்த சட்டை என்று நான் சொன்னது, அம்மா தினம் உடுத்துகிற சேலை.

தின், தென்

அந்த நீளப் புத்தகம் இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முன்பக்கத்திலிருந்து 'பழைய பாஷை', பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு 'இப்போ'. பழைய பாஷையில் பன்மைக்குக் கடைசியில் 'அ'. பூனைக்குத் 'தின்' என்று பெயர் (அவர்கள் வீட்டுப் பூனையைப் பார்த்தவர்கள் இதைவிடப் பொருத்தமான பேர் இருக்க முடியாது என்பார்கள்), பூனைகள் 'தின'. பிறகு பாட்டி விதி: 'தென'. பிறகு கடைசி அகரம் உதிர்ந்தது. ஆக இப்போது ஒரு பூனை தின், பல பூனை தென். மலை 'முக்', மலைகள் 'மொக்'. 'அன்பெலு' அம்பெலு என்று ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அதற்குச் சாட்சி என் கைப்பேசி. இறங்க இடமில்லாத உயிர்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். 'கெமு'வுக்குப் பன்மை என்ன என்று கேட்டால் "ரெண்டு வாரம் குடுங்க" என்கிறாள்.

போன வாரம் கடைக்கு வந்து அறைக் கதவுக்கு ஒரு ஸ்டிக்கர் வெட்டித் தரச் சொன்னாள். 'பூனைகள் உள்ளே இருக்கின்றன' என்பதில் முதல் சொல் மட்டும் போதுமாம், கறுப்பில், தமிழ் எழுத்திலேயே. கட்டர் மெஷினில் 'தென்' என்று தட்டினேன்.

"இல்ல மாமா, தின. த, இ போட்டு."

"தென்னுதான சொல்லணும்னு சொன்ன?"

"சொல்றது தென். எழுதுறது தின. எழுத்து பழசாவே இருக்கட்டும், இலை மாதிரி."

"அப்ப நாளைக்கு ஒருத்தன் தென்னு எழுதிட்டு வருவான், இன்னொருத்தன் தப்புன்னு திருப்பி அனுப்புவான்."

"அனுப்பட்டும் லா" என்று சிரித்தாள்.

வெட்டி, வேண்டாத ஓரத்தை ஊசியால் உரித்து, மேலே டேப் ஒட்டிக் கொடுத்தேன். மிச்சமிருந்த கறுப்புத் துண்டில் ஒரு 'தென்'னும் வெட்டி வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுக்கலாமென்று.